ஆர் மொழியில் சமச்சீர் அணிகளைக் கையாள்வது எப்படி

சமச்சீர் அணியில் மூலைவிட்டத்துக்கு மேலே உள்ள பாதி கீழே உள்ள பாதியின் பிரதிபலிப்பு. அதனால் 1000 × 1000 சமச்சீர் அணியில் தனித்தனி மதிப்புகள் 5,00,500 மட்டுமே. புள்ளியியலுக்கான கணினி மொழியான ஆரின் சாதாரண அணியோ 10,00,000 இடங்களையும் நிரப்பி 8 எம்பி எடுத்துக்கொள்ளும். இந்த அளவுக்கு அதை அப்படியே விட்டுவிடலாம். 20,000 × 20,000 ஆகும்போது 3.2 ஜிபி; பாதியை மட்டும் சேமிப்பதைப் பற்றி அப்போது யோசித்தால் போதும். அதற்கு முன் அணி சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

கீழ் முக்கோணம் கையில் இருக்கிறது, மேலே நகலெடுக்க வேண்டும். பலர் எழுதுவது இது (அப்பர்.ட்ரை மேல் முக்கோண இடங்களையும் லோயர்.ட்ரை கீழ் முக்கோண இடங்களையும் குறிக்கும்):

அணி[அப்பர்.ட்ரை(அணி)] <- அணி[லோயர்.ட்ரை(அணி)]

இது தவறு. ஆர் மதிப்புகளை நிரல் நிரலாக எடுக்கும். கீழ் முக்கோணத்தை அப்படிப் படித்தால் வரும் வரிசை வேறு, மேல் முக்கோணத்தை நிரப்பும் வரிசை வேறு. 3 × 3 அணியில் இரண்டும் தற்செயலாகப் பொருந்திவிடுவதால் சோதனையில் பிழை தெரியாது. 4 × 4 அணியில் (1,4), (2,3) ஆகிய இரண்டு இடங்களின் மதிப்புகள் இடம் மாறிவிடும், எச்சரிக்கையும் வராது. சரியான வரி (டி என்பது நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றும்):

அணி[அப்பர்.ட்ரை(அணி)] <- டி(அணி)[அப்பர்.ட்ரை(அணி)]

சோதனையை எப்போதும் 4 × 4 அல்லது அதற்கு மேல் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்து, அணி சமச்சீரா என்று சொல்லும் ஐஸ்சிமெட்ரிக் செயற்கூறு கொண்டு சரிபாருங்கள். நிரைப் பெயர்களும் நிரல் பெயர்களும் வேறாக இருந்தால், எண்கள் பொருந்தினாலும் அது ஃபால்ஸ் என்றே சொல்லும். பெயர்களை நீக்கும் அன்நேம் போட்டுவிட்டுப் பாருங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கவே கூடாது. அணியைச் சொலெஸ்கி முறையில் காரணிப்படுத்தும் சோல் மேல் முக்கோணத்தை மட்டுமே படிக்கும். அணியின் ஐகன் மதிப்புகளைக் கணக்கிடும் ஐகன் செயற்கூறு, சிமெட்ரிக் = ட்ரூ என்று கொடுத்தால், கீழ் முக்கோணத்தை மட்டுமே படிக்கும். இரண்டு பாதிகளும் வேறுபட்டால், ஒரே அணியைக் கொடுத்தும் இவை இரண்டும் வெவ்வேறு அணிகளுக்கு விடை தரும்.

தசமப் பிழையால் சிறிது விலகியிருந்தால், மேட்ரிக்ஸ் தொகுப்பின் சிம்பார்ட் இரண்டு பாதிகளின் சராசரியை எடுக்கும். ஃபோர்ஸ்சிமெட்ரிக் சராசரி எடுக்காது. வேறு சொல்லாவிட்டால் மேல் முக்கோணத்தை வைத்துக்கொண்டு கீழே இருப்பதைப் பொருட்படுத்தாது. கணக்கிட்ட மதிப்புகள் கீழே இருந்தால் அப்லோ = "எல்" (கீழ் முக்கோணம்) என்று கட்டாயம் கொடுங்கள்.

இனி நினைவகம். ஃபோர்ஸ்சிமெட்ரிக் தரும் டிஎஸ்ஒய்மேட்ரிக்ஸ் வகை சமச்சீர் என்று குறித்துக்கொள்ளுமே தவிர, முழு இடத்தையும்தான் பிடிக்கும். அதன் மேல் பேக் போட்டால் கிடைக்கும் டிஎஸ்பிமேட்ரிக்ஸ்தான் பாதியைச் சேமிக்கும். மேல் முக்கோணச் சேமிப்பில் 3-ஆம் நிரை, 5-ஆம் நிரல் மதிப்பு இருக்கும் இடம்: 3 + (5 × 4) / 2 = 13. இதற்கு விலையும் உண்டு. அணிக் கணக்குகளுக்கு ஆர் பயன்படுத்தும் லாபேக் நூலகத்தின் சுருக்கச் சேமிப்புச் செயற்கூறுகள் பெரிய அணிகளைத் தொகுதி தொகுதியாகக் கணக்கிடுவதில்லை, அதனால் வேகம் குறையும். நினைவகம் உண்மையிலேயே போதாதபோது மட்டும் இதை எடுங்கள்.

தரவுப் புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களைச் சேமிக்க டிஸ்ட் வகையே போதும். அது மூலைவிட்டத்தையும் விட்டுவிட்டுக் கீழ் முக்கோணத்தை மட்டும் வைத்திருக்கும். அதைச் சாதாரண அணியாக மாற்றும் ஏஸ்.மேட்ரிக்ஸ் போட்டவுடன் அந்தச் சேமிப்பெல்லாம் போய்விடும்.

பெரும்பாலும் பூச்சியமாக உள்ள அணிக்கு ஸ்பார்ஸ்மேட்ரிக்ஸ் செயற்கூறில் சிமெட்ரிக் = ட்ரூ கொடுத்து, ஒரு முக்கோணத்தின் மதிப்புகளை மட்டும் தாருங்கள். இரண்டையும் தந்தால் பிழை காட்டி நின்றுவிடும். ஒரே இடத்தை இருமுறை தந்தால் நிற்காது, கூட்டிவிடும்.

மேட்ரிக்ஸ் தொகுப்பின் இந்தச் சமச்சீர் வகைகளில் மூலைவிட்டத்துக்கு வெளியே ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் அணி பொது வகைக்கு மாறிவிடும். மாற்றங்களை முடித்த பிறகே சமச்சீர் வகைக்குக் கொண்டுவாருங்கள்.