'வேரி'யும் 'வியரி'யும்: ஓர் எழுத்து செய்யும் வினை

ஆங்கிலத்தில் டபிள்யூ, ஏ, ஆர், ஒய் என்ற நான்கு எழுத்துகளில் ஒரு பெயரடை இருக்கிறது. உச்சரிப்பு 'வேரி', பொருள் சந்தேகத்தோடு உஷாராக இருக்கிற என்பது. முதல் மூன்று எழுத்துகளில் போரைக் குறிக்கும் 'வார்' தெரிவதால் 'வாரி' என்று படிப்பவர்கள் உண்டு, அது தவறு.

அதைவிடப் பெரிய தவறு எழுதும்போது நேர்கிறது. டபிள்யூவை அடுத்து ஓர் 'இ' நுழைந்துவிட்டால் சொல் 'வியரி' ஆகிவிடும். அதற்குப் பொருள் களைத்துப்போன, சலித்துப்போன என்பது. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. போதாக்குறைக்கு, இரண்டுமே 'ஆஃப்' என்ற இடைச்சொல்லை ஏற்கும். 'வி ஆர் வேரி ஆஃப் நியூ கஸ்டமர்ஸ்' என்றால் புதிய வாடிக்கையாளர்களிடம் உஷாராக இருக்கிறோம் என்று பொருள். 'வேரி' இருக்கும் இடத்தில் 'வியரி' என்று எழுதிவிட்டால், அவர்களைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது என்றாகிவிடும். இலக்கணம் பிசகாததால் படிப்பவர் இதைப் பிழையென்றே நினைக்கமாட்டார், கோபித்துக்கொள்வார்.

அகராதியில் 'எச்சரிக்கையான' என்று பார்த்துவிட்டு, 'கேர்ஃபுல்' வரும் இடமெல்லாம் இதைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடிக் குவளையைக் கையாளும்போது நாம் 'கேர்ஃபுல்', ஏனென்றால் உடையப்போவது குவளை. தெருநாயிடம் 'வேரி', ஏனென்றால் கடிபடப்போவது நாம். எதிரே இருப்பதன் மீது ஒரு சந்தேகம் இருந்தால்தான் 'வேரி' பொருந்தும். வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எ வேரி டிரைவர்' என்று எழுதினால், கவனமாக ஓட்டுபவர் என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எதற்கோ மிரள்பவர் என்றே தோன்றும். ஆபத்தைத் தவிர்க்க நிதானமாக நடப்பவரைச் சொல்ல 'காஷியஸ்' இருக்கிறது.

'கடன் கொடுக்கத் தயங்கினார்' என்ற நம் வாக்கிய அமைப்பைப் பின்பற்றி 'வேரி டு லெண்ட்' என்று எழுதும் பழக்கமும் உண்டு. ஆங்கிலேயர்களே சில வேளைகளில் அப்படி எழுதுவார்கள் என்றாலும், தேர்வுத்தாளில் 'வேரி ஆஃப் லெண்டிங்' என்பதே பத்திரம். 'ஃப்ரம்' வரவே வராது. 'அபௌட்' வரலாம்.

எழுத்தும் இடைச்சொல்லும் மறக்காமல் இருக்க, வீட்டு வாசல்களில் தொங்கும் 'பிவேர் ஆஃப் டாக்' பலகையை நினைத்துக்கொள்ளலாம். 'பிவேர்', 'அவேர்', 'வேரி' மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மூன்றிலும் டபிள்யூவை அடுத்து 'ஏ'தான். 'ஆஃப்' கூட அந்தப் பலகையிலேயே இருக்கிறது.

எதிர்ச்சொல் 'அன்வேரி'. ஏமாறக்கூடியவர்களை மொத்தமாகக் குறிக்க 'தி அன்வேரி' என்பார்கள். மிகச் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் அச்சிட்ட ஒப்பந்தத்தை 'எ ட்ராப் ஃபார் தி அன்வேரி' என்று சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும்.