படம் போட்டுக்கொடுக்கட்டும்

குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு ஒரு திருட்டைப் பற்றிக் கதை எழுதுகிறீர்களா? திருடனையே கதை சொல்ல விடுங்கள். அழகர்கோவில் குரங்கு, “தோசையா? நான் பார்க்கவே இல்லையே” என்று சொல்லட்டும், படத்தில் அதன் முதுகுக்குப் பின்னால் தோசை எட்டிப் பார்க்கட்டும். எழுத்து சொல்லும் பொய்யைப் படம் போட்டுக்கொடுக்கும். இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்துக் கத்தும். “குரங்கு பொய் சொன்னது” என்று எழுதி அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்காதீர்கள்.

அப்புறம், தாள் திருப்புவது. படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான், அதனால் திருப்பும் இடம் ஒவ்வொன்றும் காசு. “யாரோ வருகிறார்களே...” என்று வலப்பக்கம் முடியட்டும், தோசையைப் பறிகொடுத்த அப்பத்தா அடுத்த தாளில் கம்போடு நிற்கட்டும். அங்கே எழுத்தே வேண்டாம், குரங்கின் திருட்டு முழி போதும். கடைசிப் பக்கத்தில் நீதி வாக்கியம்? நான் போடமாட்டேன்.