மருத்துவமனைக்கு வெற்றி, நோயாளிக்கு?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். தொற்று இல்லை, மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ், மறுபடி சேர்க்க வேண்டியும் வரவில்லை. மருத்துவமனைக் கணக்கில் இது வெற்றிதான். ஆனால் அந்த அம்மாவால் இன்னும் மாடிப்படி இறங்க முடியவில்லை, ராத்திரி வலியில் தூக்கமும் இல்லை. அந்தத் தகவல் எந்தக் கோப்பிலும் இல்லை. கைக்கு எளிதாகக் கிடைக்கும் எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு தரத்தை அளப்பதுதான் முதல் தவறு.

இதைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அடுத்த தவறில் போய் விழுகிறார்கள்: "திருப்தியா?" என்று கேட்பது. டிஸ்சார்ஜ் நேரத்தில், பராமரித்த நர்ஸே ஃபாரத்தை நீட்டினால் யார்தான் இல்லை என்பார்கள்? கவனிப்பு எப்படி இருந்தது என்பது ஒன்று, உடம்பு எப்படி இருக்கிறது என்பது வேறு. இரண்டுமே வேண்டும், ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. நோயாளியே நிரப்பும் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் ஸ்கோர் என்ற கேள்வித்தாளைப் பாருங்கள். 12 கேள்விகள், 0 முதல் 48 வரை மதிப்பெண்; கூடினால் நல்லது. மண்டியிட்டு எழ முடிகிறதா, படி இறங்க முடிகிறதா, படுக்கையில் வலி தொந்தரவு செய்கிறதா என்று நேராகக் கேட்கிறது.

சரி, நல்ல கேள்வித்தாள் கிடைத்துவிட்டது. அதை ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் கொடுத்தால் பாதிப் பயன் போச்சு. இப்போது 35 என்றால், முன்பு 15-இல் இருந்தாரா, 33-இல் இருந்தாரா? இங்கிலாந்தில் 2009-இல் இப்படிக் கேட்பதைத் தேசிய அளவில் தொடங்கியபோது, இடுப்பு, முழங்கால் மாற்று நோயாளிகளிடம் முன்பும், பிறகு ஆறு மாதம் கழித்தும் கேட்டது இதற்காகத்தான். அப்புறம், பதில் எழுதாதவர்கள் யார் என்பதையும் பாருங்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் மிகவும் முடியாதவர்களும் விடுபட்டிருந்தால், கிடைக்கும் சராசரி நலமாக இருப்பவர்களின் சராசரிதான்.

எண்ணையே இலக்காக்கிவிடுவதும் ஆபத்து. அதே நாட்டில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான்கு மணி நேரக் கெடு வைத்தார்கள். கெடு முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளிகளை வெளியேற்றுவது குவிந்தது.

என்னைக் கேட்டால், மிகப் பெரிய தவறு பதில்களை வாங்கி அறிக்கையில் பூட்டிவைப்பதுதான். அமெரிக்காவில் 766 புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. ஒரு பிரிவினர் தங்கள் அறிகுறிகளை இணையத்தில் பதிவு செய்தார்கள். நிலை மோசமானால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும். ஆய்வில் சேர்ந்த பிறகு அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் இதைவிட அதிகம் வாழ்ந்தார்கள்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். ஆகவே, கேள்வித்தாளை அச்சடிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: "வலி அதிகம்" என்று பதில் வந்தால் மறுநாள் காலை யார் ஃபோன் செய்யப்போகிறார்?