முதல் இரண்டு நிமிடம்: திரில்லர் தொடக்கம் எடுக்கும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகள் சிலர் வருடந்தோறும் என்னிடம் வருவார்கள். ஒரு திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. முழுப் படம் வேண்டாம், பெயர் போட்டு முடியும்வரை போதும். கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். ஆனால் எடுத்து முடித்து எடிட்டிங்கில் உட்காரும்போது அந்த முகங்கள் வாடிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கும் அது வருத்தம்தான். ஏனென்றால் அங்கே தெரியவருபவற்றில் பாதிக்கு மேல் கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே தவிர்த்திருக்கக்கூடிய தவறுகள்.

முழுக் கதையையும் சொல்லிவிடுவது

பெரிய தவறு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு குழு எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு கொலை, கொலையாளியின் சின்ன வயசு, போலீஸ் விசாரணை, தங்கை காணாமல் போவது, கடைசியில் எல்லாம் கனவு என்று ஒரு திருப்பம் என அத்தனையும் 120 நொடிக்குள் இருந்தன. இப்படி எடுத்தால் கிடைப்பது டிரெய்லர். டிரெய்லருக்குப் படத்தை விற்கும் வேலை இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரு துண்டைக் காட்டும். தொடக்கம் செய்ய வேண்டியது பார்ப்பவர் மனதில் ஒரே ஒரு கேள்வியைப் போடுவது, பதில் சொல்லாமல் பெயர் போடுவது, அவ்வளவுதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே ஒரு உதாரணம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போவது குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. இருட்டில் ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்ந்தால் அவர்கள் பயப்பட மாட்டார்கள். அது அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கும். இப்போது அதே தோட்டம், இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தியிருக்கும் மாசி மாதம். பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒருவருக்கும் அங்கே வேலை கிடையாது. அப்போது ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்கிறது, எண்ணிக்கொண்டு போவதுபோல ஒவ்வொன்றிலும் நின்று நின்று. ஒரு மரத்தடியில் குனிகிறது. அணைகிறது. உடனே தலைப்பைப் போட்டுவிடலாம்.

இதில் ரத்தம் இல்லை, அலறல் இல்லை, முகம்கூட இல்லை. ஆனாலும் அந்த மரத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுந்து போக மனசு வராது. வெட்டு நின்ற மாதம் என்பது வெளியூர் ஆளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. கவிழ்த்த சிரட்டையில் ஒட்டிய சிலந்தி வலை, காய்ந்து கறுத்த வெட்டுப்பட்டை, காலடியில் நொறுங்கும் சருகு என மூன்று ஷாட் முதலில் வந்தால் போதும். வசனத்தில் விளக்கத் தேவையில்லை.

திடுக்கிட வைப்பது வேறு, பதற வைப்பது வேறு. 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில், திரில்லர் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் இதை மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டை வைத்து விளக்கினார். குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்கு மட்டும் தெரிந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். மாணவர்கள் பெரும்பாலும் அந்தப் பதினைந்து நொடியின் பின்னால்தான் ஓடுகிறார்கள். கதவு படீரென்று திறக்கும், முகமூடி வந்து நிற்கும், பின்னணியில் ஒரு பெரிய சத்தம். ஒருமுறை பார்த்ததும் அதன் பலம் தீர்ந்துபோகும்.

முகமூடி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பு ஹூடி, கறுப்புக் கையுறை, கையில் பளபளக்கும் கத்தி எல்லாம் எங்கோ பார்த்ததை எடுத்துப் போட்டுக்கொள்வது. நம் வெக்கையில் ஹூடி போட்டுக்கொண்டு தென்னந்தோப்பில் நடப்பவரைப் பார்த்தால் பயம் வருவதில்லை, நடிக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஈரிழைத் துண்டு, அமைதியான முகம். இவர் நம் வீட்டு வாசலில் நள்ளிரவில் வந்து நின்றால் அது எத்தனை மடங்கு பயம்!

பேச்சும் அப்படித்தான். வீட்டில் 'எனக்க', 'ஒனக்க' என்று பேசும் பிள்ளைகள் கேமரா முன்னால் சென்னைத் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள். இருட்டில் ஒரு பாட்டி "ஆரு அது?" என்று கேட்பதில் இருக்கும் உயிர் "யார் அங்கே?" என்பதில் வராது.

அழகான இடத்தைத் தேடிப் போவது

லொக்கேஷன் என்றதும் பட்டியலில் முதலில் வருவது கன்னியாகுமரி முனை, 133 அடி வள்ளுவர் சிலை, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை. எல்லாம் எனக்கும் பிடித்த இடங்கள். ஆனால் சுற்றுலா வரும் கூட்டத்தை ஃபிரேமிலிருந்து விலக்குவதிலேயே பாதி நாள் போய்விடும். அதைவிட, பார்ப்பவர் அந்த இடத்தை ஏற்கெனவே போஸ்டரிலும் காலண்டரிலும் பார்த்திருக்கிறார். தெரிந்த சிலையைப் பார்த்ததும் மனசு சுற்றுலாவுக்குப் போய்விடுகிறது.

அனுமதி விஷயமும் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. திங்கள்கிழமை திறப்பதில்லை. சிதறால் மலைக்கோயில், வட்டக்கோட்டை ஆகியவை மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருபவை. முக்காலியோடு போய் வாசலில் நின்று கெஞ்சும் நிலை வேண்டாம். நண்பரின் தாத்தா வீடு, மூடிக்கிடக்கும் முந்திரி ஆலை, ஊர்க் குளத்துப் படித்துறை என உரிமையாளரையோ பொறுப்பாளரையோ நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடக்கூடிய இடங்களே உங்களுக்குப் போதும்.

ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் எடுப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குழுவோடு இரவு எட்டு மணிக்கு ஒரு சானல் (பாசனக் கால்வாய்) கரையில், சாக்குமூட்டையில் வைக்கோலை அடைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவதை எடுத்துக்கொண்டிருந்தோம். கேமரா தூரத்தில் செடி மறைவில் இருந்தது. வழியில் போனவர்களுக்குக் கேமரா தெரியவில்லை, மூட்டை மட்டும்தான் தெரிந்தது. பத்து நிமிடத்தில் ஊரே கூடிவிட்டது. நடித்த பையன் ஒருவனைப் பிடித்துத் தள்ளினார்கள், அவன் முழங்கை உரசி ரத்தம் வந்தது. அவர்கள் மேல் தப்பே இல்லை, சொல்லாமல் போனது என் தப்பு. அன்றிலிருந்து பொம்மைத் துப்பாக்கி, கத்தி, மூட்டை எது வந்தாலும் முதல் நாளே ஊர்ப் பெரியவர்களிடமும், பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்திலும் சொல்லிவிடுகிறோம். இரவில் ஒருவர் கண்ணில் படும்படி நின்று "படம் எடுக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

கடல் பற்றித் தனியாகச் சொல்கிறேன். முட்டம் பாறைகளும் சங்குத்துறையும் கேமராவில் அற்புதமாக இருக்கும், உண்மை. ஆனால் 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது, இங்கே காற்றோ மழையோ எந்த அறிகுறியும் காட்டாமல், தூரத்துத் தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறுவது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல், கரையில் இருக்கும் மீனவரிடம் கேட்காமல் ஒருவரையும் பாறையில் நிறுத்தாதீர்கள். எந்த ஷாட்டும் அதற்கு ஈடில்லை.

வெளிச்சத்தின் கணக்கைப் போடாமல் கிளம்புவது

இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஷாட் ஐந்து நொடி என்றால் 24 ஷாட். ஒரு ஷாட்டுக்குக் கேமரா வைத்து, ஒத்திகை பார்த்து, இரண்டு மூன்று டேக் எடுக்க 20 நிமிடம் என்று வைத்தால் 480 நிமிடம், எட்டு மணி நேரம். சாப்பாடு சேர்க்கவில்லை. ஆனால் பெரும்பாலான குழுக்கள் எல்லாவற்றையும் சாயங்கால மங்கலில் எடுத்துவிடலாம் என்று வருகின்றன. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே. சூரியன் மறைந்தபின் முகம் தெரியும் நீல வெளிச்சம் இங்கே 20 நிமிடம் சொச்சம்தான். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு ஷாட், மிஞ்சிப்போனால் இரண்டு. ஆகவே எந்த இரண்டு ஷாட்டுக்கு அந்த நீலம் கண்டிப்பாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவற்றை வீட்டுக்குள்ளே, ஜன்னலை மூடி, ஒரே ஒரு விளக்கில் எடுக்கலாம்.

இரவு என்றால் கும்மிருட்டு என்று நினைத்து மொபைலை உயர்த்திப் பிடித்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். இருட்டைக் காட்டவும் வெளிச்சம் வேண்டும். ஆளுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு விளக்கை வைத்தால் போதும், உருவம் மட்டும் பிரிந்து தெரியும்.

டியூப்லைட்டின் கீழே எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மொபைல்கள் வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேமில் இருக்கும், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, தானே மாற்றிக்கொண்டும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் வருவதுதான் அந்தப் பட்டை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் இதைக் கையால் அமைக்கலாம். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) அதிலேயே பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஆள் நகரும்போதெல்லாம் படம் மூச்சு வாங்கும்.

சத்தத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கெட்டால் பொறுக்க மாட்டார்கள். அதுவும் திரில்லரில் பயம் பாதிக்கு மேல் காது வழியாகத்தான் வருகிறது.

ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் எடுக்கப் போகும் குழுக்களுக்கு மைக்கில் கிடைப்பது காற்றின் உறுமல் மட்டுமே. பஞ்சு உறை போதாது, முடி முடியாக இருக்கும் உறை வேண்டும். அப்படியும் வசனத்தைக் காற்று மறைக்கும் சுவர் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. கடற்கரையில் வேறொரு சிக்கல். ஒவ்வொரு ஷாட்டிலும் அலை வேறு நேரத்தில் உடையும். வெட்டி ஒட்டினால் அலைச் சத்தம் பாதியில் அறுந்து, அடுத்த ஷாட்டில் புதிதாகத் தொடங்கும். இதற்கு வழி எளிது. எடுத்து முடித்ததும் எல்லோரும் அசையாமல் நின்று, இரண்டு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் எல்லா ஷாட்டுக்கும் அடியில் அதை விரித்துவிட்டால் வெட்டு காதில் விழாது. வீட்டுக்குள் எடுக்கும்போதும் முப்பது நொடியாவது இப்படி எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் சத்தம் பதிவாகாமலிருக்க அதை அணைத்துவிட்டு எடுக்கும்போது வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது ஒரு பழக்கம், திரும்பப் போடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இசையை முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஓடவிடாதீர்கள். தகரக் கூரையில் மழை, மழைக்குப் பின் தவளைகள், எங்கோ தூரத்தில் கோயில் மணியோ மாதா கோவில் மணியோ, இவையெல்லாம் நம்மிடம் இலவசமாகக் கிடைக்கின்றன. தவளைகள் கத்திக்கொண்டே இருந்து, சட்டென்று அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோனால்? அந்த ஒரு நொடி மௌனத்துக்கு நிகராக எந்த பின்னணி இசையும் எனக்குத் தெரியவில்லை. பிரபலமான படத்தின் இசையை எடுத்துப் போடுவதில் உரிமைச் சிக்கல் வருவது ஒருபக்கம், பார்ப்பவர் அந்தப் படத்தை நினைத்துக்கொள்வார் என்பது இன்னொரு பக்கம்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாக இடிப்பவை

இரண்டு நாள் இடைவெளியில் எடுப்பதற்குள் நடிகர் முடிவெட்டிக்கொண்டு வந்துவிடுவார். சட்டை, கடிகாரம், நெற்றியில் விபூதி, ஈரத் தலை என எல்லாவற்றையும் முதல் நாளே மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். இரண்டு பேர் பேசும் காட்சியில் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்து, கேமராவைக் கோட்டின் ஒரே பக்கம் வையுங்கள். தாண்டினால் எதிரெதிரே நிற்பவர்கள் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல ஆகிவிடும்.

பெயர் போடுவதைக் கடைசி இரவுக்கு விட்டால் தமிழ் எழுத்து காலை வாரும். சில எடிட்டிங் மென்பொருளில் 'கொலை' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். பிரீமியர் புரோவில் எழுத்துக்கான அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்ற வேண்டும். மற்றவற்றில் பெயரைப் பின்னணி இல்லாத படமாகச் செய்து மேலே வைக்கலாம். ஒரு பெயரை இரண்டு முறை மெதுவாக வாசிக்கும் நேரமாவது அது திரையில் நிற்கட்டும். நடிகரின் முகத்தின் மேல் மட்டும் வேண்டாம்.

அப்புறம், முடித்ததை உங்கள் குழுவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு திருப்திப்படாதீர்கள். உங்களுக்குக் கதை தெரியும், அதனால் உங்களுக்கு எல்லாம் புரியும். கதை தெரியாத ஒரு அத்தையிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தமில்லாமலும் போட்டுக் காட்டுங்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அடுத்து என்ன தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது என்று கேளுங்கள். நீங்கள் போட்ட கேள்வியையே அவர்கள் திருப்பிக் கேட்டால் சரி. வேறு ஏதாவது கேட்டால், எந்த ஷாட்டில் அவர்கள் வழி தவறினார்கள் என்று பாருங்கள். இதைச் சமர்ப்பிக்கும் முதல் நாள் ராத்திரி செய்வதில் பயனில்லை. மறுபடி எடுக்க இன்னும் ஒரு சாயங்காலமும், முடிவெட்டாத நடிகரும் கையில் இருக்கும்போதே காட்டிவிடுங்கள்.