மைலேஜ் தரும் பழைய கார்: வாங்கும் முன் சோதிப்பது எப்படி?

பெட்ரோல் விலை ஏறினால் மைலேஜ் கார்களுக்குக் கிராக்கியும் ஏறும். அதனால் முதல் வேலை கணக்குதான். மாதம் 1000 கி.மீ. ஓட்டுபவர் லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காரிலிருந்து 15 தருவதற்கு மாறினால் 33 லிட்டர் மிச்சம். 15-லிருந்து 20-க்குப் போனால் 17 லிட்டர்தான். அந்த 17 லிட்டருக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். காரைப் பார்த்த பிறகு போடும் கணக்கில் ஆசை புகுந்துவிடும்.

அடுத்து, ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. டேஷ்போர்டு காட்டும் சராசரி மைலேஜை நம்பாதீர்கள். ஒரு பட்டனை அமுக்கினால் அது புதிதாகத் தொடங்கிவிடும்.

பலர் ஏமாறுவது ஸ்கேனரில். காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் சின்னக் கருவி இது. மலிவான ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரே போதும். விலை உயர்ந்தது வீண். செருகியதும் ‘கோளாறு இல்லை’ என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே கைவிட்டு அதே ஸ்கேனரால் கோளாறுப் பதிவுகளை நொடியில் அழித்துவிடலாம். ‘ரெடினஸ்’ பக்கத்தைத் திறங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். பல வரிகளில் ‘முடியவில்லை’ என்று இருந்தால் பதிவை அண்மையில் அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ‘பேட்டரி மாற்றினேன்’ என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். சரி, சில நாள் ஓட்டிவிட்டுக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஸ்கேனரைக் கழற்றாமலே ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் சூடானபின் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். இருபது நிமிடம் ஓட்டியும் 65-ஐத் தாண்டவில்லையென்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கலாம். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கணினி கூடுதலாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். சின்ன உதிரிபாகம்தான், விலை பேச நல்ல பிடி.

நிறுத்தியதும் நான்கு சக்கரங்கள் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதில் பிரேக் பிடித்தபடி இருக்கிறது. மைலேஜ் அங்கேயும் கரையும்.

பின்சேர்க்கை: ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள கார் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் பின்சீட்டை ஒட்டி இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால், பேட்டரியைத் தனியாகச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.