பந்தை வைத்துவிட்டுத் தட்டை எடுங்கள்: பக்கவாதத்துக்குப் பின் கையைப் பழக்குவது

வீடு வீடாகப் போகும் பிசியோ நான். மதுரையில் பக்கவாதம் வந்தவர் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்தால், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் பந்து கிடக்கும். "டெய்லி அமுக்கச் சொல்றோம் மேடம்" என்பார்கள். பலருக்கு விரல் ஏற்கெனவே இறுகி மடங்கித்தான் கிடக்கிறது. வராதது விரிப்பதுதான், அதற்குப் பந்து உதவாது. அதைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒரு எவர்சில்வர் தட்டு கேட்பேன்.

எந்த வேலையைப் பழகுகிறோமோ அந்த வேலைதான் கைக்கு வரும். அதனால் அவருக்கு எது திரும்ப வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். செல்லூரில் ஒரு அப்பத்தாவுக்குப் பூக்கட்ட வேண்டும். நாரையும் மல்லிகையையும் உடனே கையில் கொடுக்க முடியாது. தடித்த கயிறும் சுருட்டிய காகிதமுமாக ஆரம்பித்தோம். பெரும்பாலானவர்கள் கேட்பது தன் கையால் சோறு அள்ளித் தின்பதைத்தான்.

விரல் கொஞ்சமாவது அசைந்தால்தான் இந்தப் பயிற்சி. தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறவர் தட்டில் பழகட்டும், வாய்க்குக் கொண்டுபோக வேண்டாம். முதலில் டாக்டர் பார்க்க வேண்டும். தரையில் உட்கார வைக்காதீர்கள். நாற்காலி, மேசை, இரண்டு பாதமும் தரையில். விளிம்பு உயர்ந்த தட்டு. நகராமலிருக்க அடியில் ஈரத்துண்டு. முதலில் சோறு வேண்டாம், இட்லித் துண்டு. எடுப்பது, பக்கத்துக் கிண்ணத்தில் விடுவது. விடுவதுதான் கஷ்டம், அவசரப்படுத்தாதீர்கள். அது வந்ததும் குழைந்த சாதம், அப்புறம் உதிரிச் சோறு. வாய்வரை கொண்டுபோகும்போது உடம்பைப் பாருங்கள்: கை மேலே வராமல் தலை தட்டுக்கு இறங்கினால், வேலையைச் செய்வது முதுகு. முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கட்டும். கை பாதித் தூரம் வந்தாலும் சரி.

எத்தனை தடவை? அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சைகளை நேரில் கவனித்து 2009இல் வந்த ஆய்வில், ஒரு அமர்வில் கையால் ஒரு வேலையைச் செய்தது சராசரியாக 32 தடவைதான். விலங்குகளை இப்படிப் பழக்கிய சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. சரி, எண்ணிக்கையை ஏற்றிவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2016இல் வந்த சோதனையில், ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செய்தவர்களுக்கு அந்த அளவுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. நிறையச் செய்ய வேண்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்குத்தான் மாற்றி மாற்றிச் செய்வது. ஆரம்பத்தில் ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யலாம். பிடி வந்ததும் கலையுங்கள்: இட்லி, டம்ளர், சட்டைப் பொத்தான், மறுபடி டம்ளர். டம்ளரை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை எட்டி எடுக்கிற மாதிரி, ஒருமுறை பாதித் தண்ணீரோடு வையுங்கள். தடுமாறுவார், "நேத்து நல்லா செஞ்சாரே" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். கண்டுகொள்ளாதீர்கள். பயிற்சி முடிகிற நேரத்தில் நன்றாகச் செய்வதைக் கணக்கில் எடுக்காமல், மறுநாள் காலை முதல் தடவை எப்படி வருகிறது என்று பாருங்கள். கற்றது அதில்தான் தெரியும். சித்திரை வெயிலில் மதியம் வேண்டாம். களைத்த கையில் பயிற்சி வீண். இரவுத் தூக்கமும் பயிற்சியில் சேர்த்திதான்.

அடுத்தது, கூட இருக்கிறவர்களின் வாய். மகன் "விரலை விரிங்கப்பா" என்பார், மருமகள் "முழங்கை மாமா, முழங்கை" என்பார், அவர் இருவரையும் பார்த்துக்கொண்டே டம்ளரைச் சாய்த்துவிடுவார். ஒருவர் மட்டும் பேசுங்கள். உடம்பைச் சொல்லாமல் பொருளைச் சொல்லுங்கள்: "டம்ளரை அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குள்ள வைங்கப்பா." சில தடவை செய்யவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று அவரையே கேட்டுவிட்டு அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பழக்கும் முறையும் உண்டு. 222 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியான சோதனையில் பலன் தெரிந்தது. ஆனால் அது மணிக்கட்டையும் விரலையும் ஓரளவு நீட்ட முடிந்தவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில். நீங்களாகத் துண்டு எடுத்துக் கட்டிவிடாதீர்கள், தடுமாறினால் பிடிக்கக் கை இருக்காது.

வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, தோள் கெட்டுவிடும். உணர்ச்சி குறைந்த கைக்கு வெந்நீர் ஒத்தடம் ஆபத்து, சுட்டால் தெரியாது. புறா ரத்தம் தேய்ப்பது பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள்: வேண்டாம், புறா பிழைக்கட்டும். பிசியோவுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். பயிற்சியின்போது வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ தட்டை அப்படியே விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.