ஏழு பேருக்கு ரிக்கெற்: குடும்பத்தோடு முதல்முறை ஊருக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் கொக்குவிலில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். விடிய நாலு மணி. ஸ்காபரோவிலிருந்து ஏழு பேராக வந்து மூன்று நாளாகிறது. நான், மனைவி, நாலு பிள்ளைகள், மாமி. பிள்ளைகளுக்கு இன்னும் கனடா நேரம்தான். இரண்டு பேர் குசினியில் அம்மாவிடம் பாண் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கனடாவுக்கு வந்து ஒன்றிரண்டு வருடமான ஆட்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த எயார்லைன் மலிவு? தனி ஆளுக்கு அது சரியான கேள்வி. ஏழெட்டுப் பேர் போகிற குடும்பத்துக்கு அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். எப்போது போகிறீர்கள், யார் யாருக்கு என்ன வயது, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு வீட்டுப் படலை வரைக்கும் எப்படிப் போவீர்கள் என்பதில்தான் காசு போவதும் மிஞ்சுவதும்.

விலை பார்க்க முன்னம் கடதாசிகளைப் பாருங்கள். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள், குடியுரிமை எடுக்கும் முன் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போவது ஆபத்து. அரசு அவர்களுடைய அகதிப் பாதுகாப்பை நீக்கக் கோரலாம். 2012 டிசெம்பரில் வந்த சட்டமாற்றத்துக்குப் பிறகு, அது போனால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். "எங்கட ஆக்கள் எத்தினை பேர் போய் வந்திட்டினம்" என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் கேளுங்கள். ஸ்பொன்சரிலோ வேலைக்கான வழியிலோ வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் திரும்பி வர நிரந்தர வதிவிட அட்டை கையில் வேண்டும். அது இல்லாமல் கனடாவுக்கான விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். கனடாவில் பிறந்த பிள்ளை கனடாக் கடவுச்சீட்டில் போகிறதென்றால் இலங்கைக்கான இணைய வழி அனுமதி எடுக்க வேண்டும். பெயரும் கவனம். எங்களுக்கு அப்பாவின் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி வரும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்து எழுத்தாகவே ரிக்கெற்றில் வர வேண்டும்.

சரி, தேதிக்கு வருவோம்.

ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் மூடி, செப்டெம்பர் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் திறக்கும். மூடின வாரத்திலேயே வெளிக்கிடுவதும், திறக்கிறதுக்கு முந்தின வாரம் திரும்புவதும்தான் எல்லாருடைய ஆசையும். விலையும் அந்த இரண்டு வாரங்களில்தான் உச்சத்தில் நிற்கும். இதற்குள்தான் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவும். கொடியேற்றத்திலிருந்து 25 நாள் திருவிழா; 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். ஆடி அமாவாசையை வைத்துத் தேதி வருவதால் வருடத்துக்கு வருடம் நகரும். 2024இல் தேர் செப்டெம்பர் 1. கனடாவில் தொழிலாளர் தினம் 2ஆம் தேதி, பள்ளிக்கூடம் 3ஆம் தேதி. தேர் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் முதல் நாட்களைத் தவறவிட்டுத்தான் வந்தார்கள். அதனால் ரிக்கெற் தேடுவதற்கு முன் ஊரில் யாரையாவது கேட்டு, அந்த வருடக் கொடியேற்றம் என்றைக்கு என்று அறிந்துகொள்ளுங்கள். தேருக்கு நிற்கத்தான் வேண்டுமா, கொடியேற்றமும் முதல் பத்துத் திருவிழாவும் போதுமா என்று வீட்டில் முடிவெடுங்கள். மாமியோடு இந்தப் பேச்சை முடிக்க எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. அந்த முடிவு மிச்சம் பிடித்துத் தந்த காசு, மூன்று மாதம் இன்ரநெற்றில் தேடியும் எனக்குக் கிடைத்திருக்காது.

மார்கழி இன்னும் மோசம். டிசெம்பர் நடுவிலிருந்து நத்தார் வரைக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். பள்ளிக்கூட விடுமுறையோ இரண்டு வாரம்தான். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் மழையும் வெள்ளமும் வரக்கூடிய காலம். உங்கள் பிள்ளைகள் எல்லாருமே ஆறு வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் உங்களுக்கு யோகம். ஒன்ராறியோவில் ஆறு வயதில்தான் பள்ளிக்கூடம் கட்டாயம். பாலர் வகுப்பில் சில கிழமை போகாமல் விட்டாலும் சட்டச் சிக்கல் இல்லை. ஆசிரியருக்கு முன்கூட்டியே சொன்னால் சரி. தைப்பொங்கல் முடிந்த கையோடு போய் மாசியில் திரும்பலாம். பனிக்காலத்தில் இருந்து தப்பினதும் ஆகும், ஊரில் வெயிலும் அளவோடு இருக்கும்.

எப்போது வாங்குவது? செவ்வாய்க்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு வாங்கினால் மலிவு என்று ஒரு கதை சுற்றுகிறது. நான் அதை நம்பவில்லை. வாங்குகிற கிழமையை விடப் பறக்கிற கிழமைதான் விலையை மாற்றும். வெள்ளி, சனியை விட்டுவிட்டுச் செவ்வாய், புதனில் வெளிக்கிட்டுப் பாருங்கள். விமானக் கம்பனிகள் ஏறத்தாழ பதினொரு மாதத்துக்கு முன்பே இருக்கைகளைத் திறந்துவிடும். கோடைக்குப் போகிற பெரிய குடும்பம் தை, மாசியில் வாங்கிவிட வேண்டும் என்பது என் கணக்கு. கடைசி நேரத்தில் விலை விழும் என்று காத்திருப்பது தனி ஆளின் விளையாட்டு. ஏழு இருக்கை ஒன்றாக விழாது.

ஏன் விழாது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில், பல விலைகளில் இருக்கைகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவு விலையில் கொஞ்சம், அதற்கு மேல் கொஞ்சம், இப்படி. நீங்கள் ஏழு பேரைப் போட்டுத் தேடும்போது மலிவு விலையில் நாலு இருக்கைதான் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். திருநெல்வேலிச் சந்தையில் என்றால் இருக்கிற நாலு தேங்காயைப் பழைய விலைக்குத் தந்துவிட்டு, மற்ற மூன்றுக்கும் வேறு விலை சொல்வார்கள். விமானக் கம்பனியின் கணினி அப்படிச் செய்யாது. ஏழுக்கும் சேர்த்து மேல் விலையைக் காட்டும்.

ஆகவே முதலில் ஒரு ஆளுக்குத் தேடுங்கள். அப்புறம் இரண்டு, மூன்று, நாலு என்று ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு கட்டத்தில் தலைக்கு விலை குதிக்கும். உதாரணத்துக்கு நாலு பேர் வரைக்கும் தலைக்கு 1,600 டொலர், ஐந்தாவது ஆளைப் போட்டதும் எல்லாருக்கும் 1,850. அப்படியென்றால் நாலு பேரை ஒரு பதிவிலும் மூன்று பேரை இன்னொரு பதிவிலும் வாங்கினால், அந்த நாலு பேரிலும் 250 டொலர் வீதம் 1,000 டொலர் மிஞ்சும். நாங்கள் இம்முறை வாங்கினது அப்படித்தான். மனைவி ஒரு கணினியில், நான் இன்னொன்றில், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவர் நாலு பேருக்குக் காசு கட்டி முடித்ததும், நான் மூன்று பேருக்குக் கட்டினேன். ஒவ்வொரு பதிவிலும் ஒரு பெரியவராவது இருக்க வேண்டும். வாங்கின கையோடு கம்பனிக்கு அழைத்து, இந்த இரண்டு பதிவும் ஒரே குடும்பம் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். இதில் ஒரு குறையும் உண்டு. விமானம் ரத்தாகி வேறொன்றுக்கு மாற்றும்போது ஒரு பதிவை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் போட்டுவிடக்கூடும். அதனால் சின்னப் பிள்ளையை யாரோடு போடுவது என்று யோசித்துப் பிரியுங்கள்.

இன்ரநெற்றில் ஒரே பதிவில் பெரும்பாலும் ஒன்பது பேர் வரைக்கும்தான் போடலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் குழுப் பதிவு என்று தனியாகக் கேட்க வேண்டும். அதில் கழிவு நிச்சயம் என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு பேரை ஏழும் ஐந்துமாகப் பிரித்து வாங்குவது மலிவாக வரலாம்.

வயதில் நான் ஒரு முறை நன்றாக மாட்டினேன். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை மடியில் இருந்து போகலாம்; பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றும் வரியும்தான். 2 முதல் 11 வரை பிள்ளைக் கட்டணம். சில ரிக்கெற்றுகளில் கால் பங்கு குறையும், சிலவற்றில் ஒன்றும் குறையாது. 12 ஆனால் பெரிய ஆள். இந்த வயதைப் பறக்கிற நாளில்தான் பார்ப்பார்கள், வாங்கின நாளில் அல்ல. எங்கள் கடைசி மகளின் இரண்டாவது பிறந்தநாள் இதே விறாந்தையில்தான் நடந்தது. பலகாரம் எல்லாம் சாப்பிட்டு முடிந்தபிறகுதான் மச்சான் கேட்டான், "அப்ப திரும்பிப் போகேக்க பிள்ளைக்கு சீற் வேணுமே?" எனக்கு வயிறு கலங்கியது. திரும்புகிற வழிக்கு மட்டும், விடுமுறை உச்சத்தில், தனி ரிக்கெற் வாங்கினேன். விலையைச் சொல்ல எனக்கு இப்போதும் மனமில்லை.

இருக்கை தெரிவு செய்யத் தலைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். பிள்ளைகளோடு இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும் அதைக் கட்ட வேண்டாம். கனடாவுக்கு வருகிற, கனடாவிலிருந்து போகிற விமானங்களில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெற்றோருக்குக் கிட்ட இலவசமாக இருத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐந்து வயதுக்குள் என்றால் பக்கத்து இருக்கை. 5 முதல் 11 வரை ஒரே வரிசையில், நடுவில் ஒரு இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. மாமிக்குச் சக்கர நாற்காலி கேட்டோம். அதற்கும் காசில்லை, ரிக்கெற் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "நான் நடப்பன்தானே" என்று முதலில் கோபித்தவர், டோகாவில் அந்த நீள நடையைப் பார்த்தபிறகு ஒன்றும் பேசவில்லை.

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. டுபாய், டோகா, அபுதாபி, இஸ்தான்புல் என்று எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் நிற்கிற மாற்றம் மலிவாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒன்றரை மணித்தியால மாற்றத்தை விட எனக்கு அதுதான் பிடிக்கும். நியூயோர்க்கிலிருந்து போனால் மலிவு என்று கண்டால் துள்ள வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவருக்கு, கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும், அமெரிக்க மண்ணில் விமானம் மாறவே விசா வேண்டும்.

பலாலியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அங்கே உள்ள யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் திறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. இறங்கினால் அரை மணித்தியாலத்தில் வீடு என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் வருவது காற்றாடி வைத்த சின்ன விமானம். கனடாவிலிருந்து பெரும்பாலான ரிக்கெற்றுகளில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. ஏழு பேருக்கு 322 கிலோ. சென்னையில் தனி ரிக்கெற்றில் மாறினால் அந்தப் பாரத்துக்கு மேலதிகக் காசு கேட்பார்கள். பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க இந்திய விசாவும் எல்லாருக்கும் வேண்டும். கைப்பையோடு வருகிற தனி ஆளுக்கு பலாலி அருமை. ஏழு பேருக்குக் கட்டுநாயக்காதான்.

கட்டுநாயக்காவிலிருந்து வான் பிடிப்பதையும் ரிக்கெற் செலவோடு சேர்த்து எழுதுங்கள். கொழும்புக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று நேரே ஏறலாம். ஏழெட்டு மணித்தியாலம். "ஏழு பேர்" என்று மட்டும் சொல்லி வான் பேசினால், பதினாலு பெட்டியைக் கண்டதும் சாரதி தலையைச் சொறிவார். ஆள் கணக்கோடு பெட்டிக் கணக்கையும் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு இறங்குகிற விமானம் நூறு டொலர் மலிவு என்றாலும் நான் எடுக்க மாட்டேன். நித்திரை தூங்குகிற சாரதியோடு ஏ9 வீதியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வர எனக்குத் துணிவில்லை. விடியப்புறம் இறங்கினால் பகல் வெளிச்சத்திலேயே வீடு.

கடைசியாக ஏஜென்சி. ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் கடைகளில் சில நேரம் இன்ரநெற்றில் இல்லாத விலை கிடைக்கும், உண்மை. பேசவும் சுகம். ஆனால் ஒன்ராறியோவில் ரிக்கெற் விற்பவர் டைக்கோ (TICO) என்ற பயணத்துறைக் கண்காணிப்பு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். அதன் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். காசாகக் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம். எனக்கு ஒருமுறை ஒரு கடையில் ஆறு எழுத்துப் பதிவு எண் உள்ள தாளைத் தந்தார்கள். ரிக்கெற் கிடைத்துவிட்டது என்று நினைத்து அம்மாவுக்குத் தேதியும் சொல்லிவிட்டேன். இருக்கையைப் பிடித்து மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், ரிக்கெற் அடிக்கவில்லை என்பது இரண்டு கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது. 13 இலக்க ரிக்கெற் எண் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, கம்பனியின் தளத்தில் நீங்களே பாருங்கள். மாதச் சீட்டு எடுத்த காசில் கட்டுகிறவர்கள் இன்னும் கவனம். கடனட்டையில் போட்டுவிட்டு மெல்லக் கட்டலாம் என்று இருந்தால், வருடத்துக்கு ஏறத்தாழ 20 சதவீத வட்டி மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

பெட்டி நிறுக்கிற சின்னத் தராசைக் கையோடு கொண்டுவந்தேன். கொளுக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும். அம்மா நேற்றே அதைக் கண்டுவிட்டார். இன்றைக்கு மிளகாய்த்தூள் திரிக்க ஆள் வருகிறதாம். ஒடியல் மா ஏற்கெனவே இரண்டு பையில் கட்டி அறைக்குள் இருக்கிறது. திரும்பிப் போக இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.